உப்புக் காற்றும் ஹெரால்டு காரும்

பழைய திறந்த காரை வீட்டிலேயே புதுப்பிக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோப்பும்படியில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றின் குணத்தைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் காயல், இன்னொரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், சற்றுத் தள்ளினால் கடல். ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு டிரங்குப் பெட்டிக்கு நாலைந்து மழைக்காலத்தில் கீல் விட்டுப் போகிறது. சைக்கிள் மட்கார்டைத் துடைக்கப் போனால் துணியோடு துருவும் வருகிறது. ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் பெயிண்ட் அடிக்காவிட்டால் கம்பி பாதியாக இளைத்துவிடுகிறது.

இப்படிப்பட்ட ஊரில், 50, 60 வருடங்களுக்கு முன் செய்த மோட்டார் காரை, அதுவும் கூரையை மடக்கித் திறந்து ஓட்டும் காரை, வீட்டு முற்றத்தில் நிறுத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் பழுது பார்த்து, மறுபடி சாலைக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் அது பெயிண்டில் தொடங்கும் வேலை அல்ல. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடிய வேண்டிய வேலை. இந்த வரிசையை மாற்றியவர்களின் பணம் வீணாகியிருக்கிறது. சில சமயம் உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறது.

சென்னையில் உருவான கார்

சம்பளக்காரர் ஒருவர் கைவைக்கக்கூடிய பழைய கார் எது என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இது நம் ஊர்க் கார். சென்னைக்குத் தெற்கே, வண்டலூருக்கு அருகில் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. முதலில் இரண்டு கதவு, பிற்பாடு நான்கு கதவு. 948 சி.சி. எஞ்சின். பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகனோ கதாநாயகியோ ஓட்டிவரும் சின்னக் காரைக் கவனித்தால், பல சமயம் அது ஹெரால்டாக இருக்கும்.

அதன் மூலம் இங்கிலாந்து. 1959 ஏப்ரலில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அங்கே வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள், தனியாகச் சேஸிஸ் வைக்காமல் பாடியையே எலும்புக்கூடாகச் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைக்கே திரும்பியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்துவந்த பிஷர் அண்ட் லுட்லோ நிறுவனம் 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. முழுப் பாடியை ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லை. ஆகவே துண்டு துண்டாகப் பல இடங்களில் தகடு அடித்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி காரை வடிவமைத்தார்கள்.

அன்று கம்பெனிக்கு நேர்ந்த அந்தச் சங்கடம்தான் இன்று பழுது பார்ப்பவருக்கு வரமாக இருக்கிறது. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, பானெட்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஒரு துண்டு கெட்டால் அந்தத் துண்டை மட்டும் கழற்றலாம். முன் சக்கரம் வெகுவாக மடங்கும் என்பதால், 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும். மட்டாஞ்சேரிச் சந்துகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கூரையும் அப்படியே. அதுவும் போல்ட் போட்டு முடுக்கியதுதான். இங்கிலாந்தில் 1960 முதல் கம்பெனியே கித்தான் கூரையுள்ள திறந்த ஹெரால்டை விற்றது. நம் நாட்டில் பிற்காலத்தில் பலர் சாதாரண ஹெரால்டின் கூரையைக் கழற்றிவிட்டுத் திறந்த காராக்கிக்கொண்டார்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது பெரிதாக வரும்.

இங்கிலாந்தில் 1971-இல் ஹெரால்டு நின்றது. இங்கேயும் 1970களில் அதன் இடத்துக்குக் கெஸல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை விட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1980களின் இறுதியில் பெருங்களத்தூரில் கார் உற்பத்தியே முடிவுக்கு வந்தது. ஆகவே இன்று கண்ணில் படும் ஹெரால்டு எதுவானாலும், அதைச் செய்த தொழிற்சாலையிலிருந்து ஒரு திருகாணிகூட வாங்க முடியாது.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் உண்டு. உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தகட்டின் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் பெயிண்ட் உப்பிக் கொப்புளம் போலத் தெரிகிறது. வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே வேலை எப்போதோ தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ரயில்வேயில் வேலை செய்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த பழைய பெட்டிகளில் முதலில் அரிக்கிற இடம் பக்கச் சுவர் அல்ல. கழிவறைக்குக் கீழேயும், வாசற்கதவின் அடியிலும் உள்ள தகடு. தண்ணீர் எங்கே தேங்குமோ அங்கேதான் அரிப்பு. காருக்கும் இதே விதி.

ஹெரால்டில் பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடு, அதைத் தாங்குவதற்காகச் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், கால் வைக்கும் தரை, டிக்கியின் தரை, பேட்டரி உட்காரும் தட்டு, பின் அச்சு மாட்டியிருக்கும் சேஸிஸ் பகுதி. பேட்டரித் தட்டை அமிலமும் சேர்ந்து அரித்திருக்கும். திறந்த காரில் இன்னொரு தொல்லை. கூரைத் துணி ஒழுகி, தரை விரிப்பு மாதக்கணக்கில் நனைந்து கிடக்கும். மேலே பார்த்தால் விரிப்பு, கீழே சல்லடை.

வாங்கப் போகும்போது இரண்டு சாமான் போதும். ஒன்று, மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி அப்பிய இடத்தில் நழுவி விழும். இரண்டு, ஒரு பழைய திருப்புளி. காரின் அடியில் படுத்து, உடையவரின் அனுமதியோடு, சேஸிஸை அதன் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று சத்தம் போடும்.

மூன்றாவதாக, கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். கூரை இல்லாத காரில் தரையும் சேஸிஸுமே முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. அவை தளர்ந்தால் கார் நடுவில் தொய்யும். கதவின் மேல் இடைவெளி குறுகி, கீழ் இடைவெளி அகலும். கதவு தூக்கி மூட வேண்டியதாக இருந்தால், கீலைக் குறை சொல்லிப் பயனில்லை. நோய் முதுகெலும்பில் இருக்கிறது.

எந்த வேலை முதலில்?

பெரும்பாலோர் செய்வது இது: கார் வந்த மறுநாளே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது, அடுத்த மாதம் பெயிண்ட் அடிப்பது. ஒரு வருடத்தில் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு துரு வெளியே வரும்.

முறையான வரிசை வேறு. முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் உப்பின் மேல் அடித்த எந்தப் பெயிண்டும் நிற்காது. அடிப்பாகம், சேஸிஸின் உட்குழாய், மூலை முடுக்கு எல்லாவற்றிலும் தண்ணீர் பாய்ச்சி, பிறகு வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் அது உதவாது.

இரண்டாவது, கழற்றுவது. கழற்றும் ஒவ்வொரு சாமானுக்கும் சீட்டு எழுதிக் கட்டி, போட்டோ எடுத்து வைக்க வேண்டும். ஆபீஸ் பைலைப் பராமரிக்கத் தெரிந்த குமாஸ்தாவுக்கு இதில் மெக்கானிக்கைவிடக் கை ஓடும். பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்குவதாக இருந்தால், அதற்கு முன் இரு கதவு வாசலிலும் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போதே பாடி கோணிப்போய், பிறகு கதவு ஜென்மத்துக்கும் பொருந்தாது.

மூன்றாவது, துருவை எடுப்பது. தடித்த துருவைச் சுரண்டி, கம்பி பிரஷும் உப்புத்தாளும் போட வேண்டும். சின்னச் சாமான்களுக்குச் சுலபமான வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வயரைத் துருச் சாமானிலும், பாசிட்டிவ் வயரை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் கொடுத்து, இரண்டும் தொடாமல் நீரில் அமிழ்த்தினால் ஒரே இரவில் துரு இளகிவிடும். எவர்சில்வர் தகட்டை மட்டும் பயன்படுத்தக் கூடாது, தண்ணீர் விஷமாகும். குமிழியாக வருவது ஹைட்ரஜன் வாயு. ஆகையால் வெட்டவெளியில், நெருப்புக்குத் தொலைவில் செய்ய வேண்டும். ஸ்பிரிங், அலுமினியச் சாமான் இரண்டையும் இதில் போடக் கூடாது. எடுக்க முடியாத மெல்லிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் தடவினால் அது கருத்துக் கெட்டிப்படும்.

நான்காவது, தகடு மாற்றுவது. இங்கேதான் நல்ல டிங்கர் வேண்டும். அரித்த பாகத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே ரிப்பேர். ஓட்டை மேல் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, தேய்த்துவிடுவது ரிப்பேர் அல்ல. அடுத்து வாங்குபவனுக்குச் செய்யும் துரோகம். தோப்பும்படியில் இதற்கு ஒரு வசதி உண்டு. மீன்பிடிப் படகுகளுக்கு வேலை செய்யும் வெல்டர்கள் உப்புத் தண்ணீரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள். இரும்புப் படகின் அடியில் ஏன் துத்தநாகக் கட்டி மாட்டுகிறார்கள் என்று அவர்களைக் கேட்டால் விளக்குவார்கள்: துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிறது. அதே தத்துவத்தில்தான் துத்தநாகம் கலந்த அடிப் பூச்சைச் சேஸிஸுக்கு அடிப்பதும்.

பெயிண்ட் கடைசி. அதுவும் டிசம்பர் முதல் மார்ச் வரையில் அடிப்பது உத்தமம். மழைக்காலத்து ஈரத்தில் செல்லுலோஸ் பெயிண்ட் அடித்தால் பளபளப்பு வராமல் வெண்மை பூத்துவிடும். அடித்து முடித்த பிறகு, சேஸிஸின் உட்குழாய்களில் மெழுகு கலந்த எண்ணெய் பீய்ச்ச வேண்டும். தண்ணீர் வடியும் துவாரங்களை அடைக்காமல் விடவேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட நான்கு

அழகுக்குச் செய்யும் வேலை தாமதமாகலாம். கீழ்க்கண்டவற்றில் அலட்சியம் கூடாது.

ஒன்று, பெட்ரோல் டாங்க். காலியாக இருக்கிறதே என்று வெல்டிங் வைப்பது தற்கொலைக்குச் சமம். நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்கில்தான் ஆபத்து அதிகம்; பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கக் காத்திருக்கும். டாங்கைக் காரிலிருந்து கழற்றி, அதில் பழக்கமுள்ளவரிடமே கொடுக்க வேண்டும். தரைத் தகடு பற்றவைக்கும் முன்பும் டாங்கைக் கழற்றி அப்புறப்படுத்துவது அவசியம்.

இரண்டு, பிரேக். ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய் வழி. ஒரு சக்கரத்தில் குழாய் ஓட்டையானால் நான்கிலும் பிரேக் போய்விடும். ஆகவே பழைய குழாய், ரப்பர் வாஷர் எதையும் மிச்சம் பிடிக்காமல் மாற்றிவிட வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூளை ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

மூன்று, முன்சக்கர மூட்டு. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடியில் திருகு வெட்டிய ஒரு மூட்டு உண்டு. மெக்கானிக்குகள் ட்ரன்னியன் என்பார்கள். இதற்குக் கெட்டி கியர் எண்ணெய்தான் விடவேண்டும். கிரீஸ் அடித்தால் அது உள்ளே இறங்குவதில்லை. தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது தூண் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்த ஒரு மூட்டால் விபத்துக்குள்ளான கார்கள் உலகெங்கும் உண்டு. பழைய காரை வாங்கியவர் இதைக் கழற்றிப் பார்க்காமல் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது.

நான்கு, பழைய பெயிண்ட். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் உண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூள் வீடெங்கும் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே அது கெடுதல். தண்ணீர் விட்டுத் தேய்த்து, வழித்ததைத் தனியே அப்புறப்படுத்த வேண்டும். வேலை உடுப்போடு பிள்ளைகளைத் தூக்கக் கூடாது.

ஆர்.சி. புத்தகம் இல்லாமல் கார் இல்லை

காயலான் கடையில், மலையாளத்தில் சொன்னால் ஆக்ரிக் கடையில், மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஆர்.சி. புத்தகம் இல்லாத கார், எத்தனை அழகாக இருந்தாலும், முற்றத்தில் நிற்கும் இரும்புதான். சேஸிஸில் பொறித்த எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த இடமே அரித்துப் போயிருந்தால் காரை விட்டுவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் பதிவான காரைக் கேரளத்துக்குக் கொண்டுவந்து நிரந்தரமாக வைத்துக்கொள்வதாயின், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும்.

மத்திய அரசு 2021 ஜூலையில் பழங்கால வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதற்பதிவு ஆகி 50 வருடத்துக்கு மேற்பட்ட கார், மோட்டார் சைக்கிள்களுக்கு இது பொருந்தும். ஹெரால்டு கார்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. புதிதாகப் பதிவு செய்தால் எண்ணில் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். அதன் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவுள்ள காருக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ள இடமுண்டு. கொச்சியில் அந்த நாளைய கே.எல்.இ. எண்ணோடு ஒரு கார் நின்றால், எண்ணுக்காகவே திரும்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். இந்த விதியில் பதிவான காரைத் தினசரிப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார்களின் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கே எடுக்கலாம். அடுத்து, கார் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது.

கூரையைக் கழற்றித் திறந்த காராக்கியவர்களுக்கு இங்கேதான் சிக்கல். கம்பெனி செய்து பதிவு செய்த வடிவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே புத்தகத்தில் மூடிய கார் என்றிருந்து, கண்ணெதிரே திறந்த கார் நின்றால், விலை பேசும் முன் அந்தக் காரின் கழற்றிய கூரை எங்கே என்று கேட்க வேண்டும். கூரை கிடைத்தால் போல்ட் போட்டு மறுபடி மாட்டிவிடலாம். ஹெரால்டு அதற்கும் இடம் கொடுக்கிறது.

உதிரிச் சாமான்களும் செலவும்

உற்பத்தி நின்றுபோன காருக்குச் சாமான் எங்கே கிடைக்கும் என்ற கவலை நியாயமானது. இங்கிலாந்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் ஹெரால்டுகள் செய்தார்கள். அங்கே பிரேக் ரப்பர், கேஸ்கட், ட்ரன்னியன் போன்றவற்றை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தகடுகளை இங்கேயே கையால் அடித்துக்கொள்ளலாம். நம் பட்டறைக்காரர்கள் அதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. அண்டை நாடான இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் மோரிஸ் மைனர் கார்களை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஓட்டினார்கள். அந்தக் கைத்திறனைப் பார்த்து, 1990களில் காலி நகரில் மோரிஸ் மைனர் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்.

செலவைப் பொறுத்தவரை ஒரு கணக்குச் சொல்லலாம். காரின் விலை செலவின் ஆரம்பம்தான். தகட்டு வேலையும் கூலியுமே பெரும்பகுதி. ஆகவே மலிவான துருக் காரைவிட, சற்று விலை கூடிய கெட்டிக் கார் முடிவில் லாபம். கடன் வாங்கியோ, பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்தோ இறங்கக் கூடிய காரியம் அல்ல இது. மாதம் ஒரு தொகை ஒதுக்கி, அந்தத் தொகைக்குள் ஒரு வேலையை முடித்து, அடுத்ததற்குப் போக வேண்டும். மூன்று நான்கு வருடம் ஆகும். நடுவில் மழைக்காலம் வரும்போது, அரைகுறையாகச் சுரண்டிய தகட்டை வெறுமனே விடாமல் ஒரு பூச்சு அடித்து மூடிவைக்க வேண்டும். கூரையுள்ள இடம் இல்லாதவர்கள் தொடங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

தொடங்கும் முன் ஒரு தடவை கோயம்புத்தூர் போய்வரலாம். எர்ணாகுளத்தில் காலை ரயில் ஏறினால் அன்றிரவே திரும்பிவிடலாம். விஞ்ஞானி ஜி.டி. நாயுடுவின் பெயரால் நடக்கும் அறக்கட்டளை அங்கே அவினாசி சாலையில் 2015-இல் ஜீடி கார் மியூசியத்தைத் திறந்தது. பல நாட்டுப் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே போகிறவர்கள் பளபளக்கும் பெயிண்டைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல், குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். முற்றத்தில் நிற்கப்போகும் காருக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை தேவைப்படும் என்பது அங்கே விளங்கிவிடும்.